புழக்கத்துக்கு வராத வெள்ளோட்டக் காசுகள்: வாசகர் கேள்வி – பதில்

சோதனைக்காக அடிக்கப்பட்டு, மக்கள் கைக்கு வராமலே போன நாணயங்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஒரு பகுதிக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

‘பேட்டர்ன்’, ‘ட்ரயல்’, ‘ப்ரூஃப்’ என்று வியாபாரிகள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். மூன்றும் ஒன்றுதானா?
– வாசகர், தஞ்சாவூர்

மூன்றும் வேறு வேறு. விலையும் வேறு என்பதால்தான் சிலர் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

பேட்டர்ன் என்பது ஒப்புதலுக்காகச் செய்து காட்டும் மாதிரிக் காசு. அதில் புதிதாக இருப்பது உருவமாக இருக்கலாம், மதிப்பாக இருக்கலாம், உலோகமாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் 1879, 1880-ஆம் ஆண்டு ‘ஸ்டெல்லா’ இதற்கு நல்ல உதாரணம். நான்கு டாலர் தங்கக் காசு அது. ஐரோப்பாவின் லத்தீன் நாணய ஒன்றியத்துக் காசுகளோடு எளிதில் மாற்றிக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று, ஆஸ்திரியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் காஸன் முன்வைத்த யோசனை. அதன் உலோகக் கணக்கை முகப்பிலேயே படிக்கலாம். சுதந்திர தேவியின் தலையைச் சுற்றி, நட்சத்திரங்களுக்கு இடையே 6 ஜி, .3 எஸ், .7 சி, 7 கிராம்ஸ் என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். அதாவது 6 கிராம் பொன், 0.3 கிராம் வெள்ளி, 0.7 கிராம் செம்பு, மொத்தம் 7 கிராம். அமெரிக்க காங்கிரஸ் அந்த யோசனையை ஏற்கவில்லை. உறுப்பினர்களுக்குக் காட்ட அடித்த பிரதிகள்தான் இன்று ஏலத்துக்கு வருகின்றன.

ட்ரயல் என்பது அச்சையோ, இயந்திரத்தையோ, உலோகத்தையோ சோதித்துப் பார்க்க அடித்தது. புதிதாக வெட்டிய அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க, மென்மையான ஈயத்திலோ வெள்ளீயத்திலோ ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். உலோகத்தை மட்டும் சோதிக்க வேண்டுமானால், உண்மையான காசின் உருவத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. வெளியே போனாலும் யாரும் செலவழிக்க முடியாது. அமெரிக்க நாணயச்சாலை 1965-இல் வெள்ளிக்கு மாற்று உலோகம் தேடியபோது மார்த்தா வாஷிங்டனின் முகத்தையும் 1759 என்ற ஆண்டையும் பொறித்து அடித்தது அதற்காகத்தான். அவருக்கும் ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் திருமணம் நடந்த ஆண்டு அது. அதே போலி உருவத்தைப் பிற்காலச் சோதனைகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ப்ரூஃப் என்பது மெருகேற்றிய அச்சால், மெருகேற்றிய வெற்று உலோக வில்லையில் நிதானமாக அடித்த அழகுப் பிரதி. சாதாரணமாகச் சந்தையில் புழங்கிய காசுக்கும் ப்ரூஃப் இருக்கும். “இது ப்ரூஃப், ஆகவே ட்ரயல்” என்று யாராவது விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த சில்லறையில் வெள்ளி நிறத்தில் 1974-ஆம் ஆண்டு ஒரு சென்ட் இருக்கிறது. அதே ஆண்டு தேதியிட்டு அலுமினியத்தில் அடித்து, பிறகு அழித்த காசு என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?
– வாசகர், மதுரை

முதலில் தராசில் வையுங்கள். 3.1 கிராம் காட்டினால் அது முலாம் பூசிய சாதாரண சென்ட். அலுமினிய சென்ட்டின் எடை 0.94 கிராமுக்குள் நிற்கும். கையில் வாங்கினால் பிளாஸ்டிக் வில்லை போலத் தோன்றும் அளவுக்கு லேசு. சந்தேகம் வரவே இடமில்லாத வித்தியாசம் இது.

நீங்கள் கேட்ட காசின் கதை சுருக்கமாக: 1973-இல் செம்பு விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு சென்ட்டில் இருக்கும் செம்பின் விலை ஒரு சென்ட்டைத் தாண்டினால் மக்கள் உருக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயத்தில், 1974 என்று தேதியிட்டுச் சுமார் 15 லட்சம் அலுமினியக் காசுகளைப் பிலடெல்பியாவில் அடித்தார்கள். ஒப்புதல் வந்ததும் வெளியிடுவது திட்டம். காங்கிரஸ் குழு உறுப்பினர்களுக்கும் அவர்கள் அலுவலர்களுக்கும் சில டஜன் காசுகளைப் பார்வைக்குக் கொடுத்தார்கள். எதிர்ப்பு பல பக்கத்திலிருந்தும் வந்தது. செம்புத் தொழில்துறையினர் எதிர்த்தது எதிர்பார்த்ததே. தானியங்கி விற்பனை இயந்திரக்காரர்கள், இவ்வளவு லேசான காசு இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும் என்றார்கள். குழந்தை மருத்துவர்கள் சொன்ன காரணம்தான் மிக முக்கியமானது: குழந்தை விழுங்கினால் எக்ஸ்ரேயில் அலுமினியம் உடல் திசுவோடு கலந்து மங்கலாகவே தெரியும், செம்பைப் போலப் பளிச்சென்று தெரியாது. இதற்குள் செம்பு விலையும் இறங்கியது. அடித்ததை அழித்தார்கள். பார்வைக்குக் கொடுத்தவற்றில் சுமார் ஒரு டஜன் காசு திரும்பவில்லை. ஒரு காசு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்கள் காசு 3.1 கிராம் என்றால் துத்தநாக முலாம்தான் பெரும்பாலும் காரணம். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் செம்புக் காசைத் துத்தநாகத் தூளும் காரமும் சேர்த்துச் சூடாக்கி ‘வெள்ளியாக’ மாற்றிக் காட்டும் சோதனை உலகெங்கும் நடக்கிறது. லென்ஸில் பாருங்கள். லிங்கனின் கன்ன எலும்பிலும் தோளிலும், விளிம்பின் உச்சியிலும் முலாம் தேய்ந்து செம்பு எட்டிப் பார்க்கும். முலாம் பாதரசமாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டாம். உறையில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

எடை 2.27 கிராம் காட்டினால் விஷயம் வேறு. பத்து சென்ட் காசுக்கு வெட்டிய வில்லை, ஒரு சென்ட் அச்சுக்குள் தவறிப் போய் அடிபட்டிருக்கலாம். அந்த வில்லை சிறியது என்பதால் விளிம்போர எழுத்துகள் முழுதாக விழாது. இது பிழைக் காசு. சோதனைக் காசு இல்லையென்றாலும் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.

வேறு உலோகத்தில் அடித்த காசு என்றால் எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட வழி உண்டா?
– வாசகி, காரைக்குடி

உண்டு. இந்தத் துறையில் மிகவும் பயன்படுகிற கணக்கு இதுதான்.

ஒரே அச்சு, அடிக்கும்போது விளிம்பைச் சுற்றிப் பிடிக்கும் ஒரே வளையம், ஒரே பருமன் என்றால் காசின் கன அளவு மாறாது. உலோகம்தான் மாறுகிறது. ஆகவே சாதாரணக் காசின் எடையை அதன் உலோக அடர்த்தியால் வகுத்தால் கன அளவு வரும். அதைச் சோதனை உலோகத்தின் அடர்த்தியால் பெருக்கினால், இருக்க வேண்டிய எடை கிடைக்கும். மேலே சொன்ன சென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: 3.11 கிராமை 8.85-ஆல் வகுத்தால் 0.351. அதை அலுமினியத்தின் 2.70-ஆல் பெருக்கினால் 0.95 கிராம். உண்மையான அலுமினிய சென்ட்டின் எடைக்கு இது எவ்வளவு அருகில் வருகிறது பாருங்கள்.

பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், விக்டோரியா காலத்திலும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்திலும் 91.7 சதவீத வெள்ளி. அந்தக் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய 10.3. கன அளவு 1.13 கன சென்டிமீட்டர். இதே அச்சில் செம்பில் அடித்திருந்தால் 10.1 கிராம் வர வேண்டும். ஈயத்தில் என்றால் 12.8, அலுமினியத்தில் 3.05. “ரூபாயின் செம்பு ட்ரயல்” என்று ஒருவர் காட்டும் காசு அதே பருமனில் 8 கிராம்தான் இருக்கிறதென்றால், அது அந்த அச்சில் பிறந்ததே இல்லை. வார்ப்பு அச்சில் உருக்கி ஊற்றிய போலிகளில் உள்ளே காற்றுப் பொத்தல் இருக்கும். இந்த எடைக்குறைவுக்கு அதுதான் வழக்கமான காரணம்.

இரண்டு எச்சரிக்கைகள். சில மாதிரிக் காசுகளை வேண்டுமென்றே தடிமனாகவோ மெல்லியதாகவோ அடிப்பார்கள். அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முதலில் வெர்னியர் அளவுகோலால் பருமனை அளந்துகொள்ளுங்கள். தேய்ந்த காசுக்கும் எடை குறையும், ஆனால் அடர்த்தி குறையாது.

அடர்த்தியை வீட்டிலேயே அளக்க முடியுமா? நகைக்கடைத் தராசு வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். 0.1 கிராம் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு உதவாது. அளக்கும் முன் எடை தெரிந்த ஏதாவது ஒரு படிக்கல்லை வைத்துத் தராசு சரியா என்று பாருங்கள்.

காசை உலர்ந்த நிலையில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறிய கிளாஸில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் தராசின் மேல் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைச் சுருக்கிட்டு, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

நல்ல வெள்ளி ரூபாய்க்கு, விலக்கிய நீரின் எடை 1.13 கிராம் என்று வரும். அதே 11.66 கிராமில் செம்பு-நிக்கலில் செய்த போலிக்கு 1.31 வரும். முதல் தசமத்திலேயே பிடிபட்டுவிடும்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். காசின் எழுத்து மடிப்புகளில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விலக்கும் நீர் அதிகமாகக் காட்டும், அடர்த்தி குறைந்து வரும். நல்ல காசு போலியாகத் தெரியும். சோப்புச் சொட்டு அதற்குத்தான். காசு அடியில் தொட்டுவிட்டால் முழு எடையும் தராசில் இறங்கி எண் தாறுமாறாகும். மூன்றாவது, மிகச் சிறிய காசுகள். அலுமினிய சென்ட் போன்றவற்றில் விலக்கும் நீர் 0.35 கிராம்தான். தராசின் 0.01 பிசகு அங்கே 3 சதவீதப் பிசகாகிவிடும். ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள்.

காந்தத்தை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். காந்தம் ஒட்டினால் இரும்போ நிக்கலோ இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். ஈயமும் வெள்ளியும் செம்பும் காந்தத்துக்கு ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

கடைசி உறுதிக்கு, காசைக் கீறாமல் உலோகச் சதவீதத்தைக் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் இருக்கிறது. தங்கம் சோதிக்கும் மையங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த முலாமை உள்ளும் புறமும் ஒரே உலோகம் என்று சொல்லிவிடும். அடர்த்தியையும் அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவுக்கு வரலாம்.

எங்கள் வீட்டில் 1808-ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் 20 காசு நாணயம் ஒன்று தங்க நிறத்தில் இருக்கிறது. சென்னைக்காக அடித்த சோதனைக் காசு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– வாசகி, புதுச்சேரி

சென்னை மாகாணத்துக்காக அடித்தது என்பது உண்மை. சோதனைக் காசு என்பது உண்மையில்லை.

பர்மிங்காமுக்கு அருகே மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில், நீராவி இயந்திரத்தால் அடித்துக் கப்பலில் அனுப்பிய செம்புக் காசுகள் இவை. ஒரு பக்கம் கம்பெனியின் கேடயச் சின்னமும் லத்தீன் வாசகமும். மறுபக்கம் பாரசீக எழுத்தும், ‘எக்ஸ் எக்ஸ் காஷ்’ என்ற ஆங்கில வாசகமும். எடை ஏறக்குறைய 9.3 கிராம். 1808 தேதியிட்ட 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோரத்திலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தச் சரக்கை வெளியே எடுத்தார்கள். அதனால் இன்று உலகச் சந்தையில் 1808 காசு ஏராளம். பீப்பாயின் நடுவில் இருந்தவை புதுசு போலவும், ஓரத்தில் இருந்தவை உப்பு அரித்துப் புள்ளி புள்ளியாகவும் கிடைக்கின்றன.

தங்க நிறத்துக்கு வருவோம். சோஹோவில் அந்நாளில் சில ப்ரூஃப் பிரதிகளுக்குத் தங்க முலாம் பூசுவது வழக்கம்தான். அவை உண்மையிலேயே அரியவை. ஆனால் பிற்காலத்தில் சாதாரணக் காசுக்கு நகைப் பட்டறையில் முலாம் பூசியதே மிகுதி. பகலொளியில் பத்து மடங்கு லென்ஸ் வைத்து, சிங்கத்தின் பிடரி, கேடயத்தின் மேடு போன்ற உயரமான இடங்களைப் பாருங்கள். மேடு தேய்ந்து வழவழப்பாக இருந்து, அந்தத் தேய்மானத்தின் மேலேயும் தங்கம் முழுதாகப் படிந்திருந்தால், காசு தேய்ந்த பிறகுதான் முலாம் வந்திருக்கிறது. அசலில் நேர்மாறு: பள்ளத்தில் தங்கம் நின்றிருக்கும், மேட்டில் தேய்ந்து செம்பு தெரியும். கடலரிப்புக் குழிகளுக்குள்ளும் தங்கம் பளபளத்தால் சந்தேகமே வேண்டாம், அது நம் காலத்து வேலை.

சோஹோ விஷயத்தில் இன்னொரு சிக்கலும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாணயச்சாலை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலைக்கப்பட்டபோது பழைய அச்சுகள் லண்டன் அச்சுவெட்டி டபிள்யூ. ஜே. டெய்லரின் கைக்குப் போயின. அவர் சேகரிப்பாளர்களுக்காகப் பல மாதிரிக் காசுகளை மறுபடி அடித்து விற்றார். அச்சு துருப்பிடித்தால் அதில் சிறு குழி விழும். குழியுள்ள அச்சால் அடித்த காசில் அது மேடாக, ஊசிமுனைப் பருவாக எழும். சமதளமாக இருக்க வேண்டிய இடத்தில் இத்தகைய பருக்கள் சிதறியிருந்தால், அச்சு பல ஆண்டு சும்மா கிடந்து, பிறகு அடித்தது என்று பொருள். குழி, மேடு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: குழி என்றால் காசு அரித்தது, மேடு என்றால் அச்சு அரித்தது.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் தங்களிடம் இருந்த பழைய அச்சுகளைக் கொண்டு, கேட்ட சேகரிப்பாளர்களுக்கு மறுஅச்சுக் காசுகளை 1970 வரை அடித்துக் கொடுத்தன. 1835-ஆம் ஆண்டு இரட்டை மொகர் என்ற தங்கக் காசில் கூட மறுஅச்சு உண்டு. சிங்கமும் பனைமரமும் உள்ள அந்தக் காசைத்தான் ரிசர்வ் வங்கி தன் முத்திரைக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு, சிங்கத்தை எடுத்துவிட்டுப் புலியை வைத்தது. மறுஅச்சு போலியாகாது, அரசே அடித்தது. ஆனால் அசலின் விலைக்கு அதை வாங்கினால் பெரிய நஷ்டம்.

1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகமும் ‘யுகேஎல் ஒன் அணா’ என்ற எழுத்தும் உள்ள கம்பெனிக் காசு? அரிசியை இழுக்கிறது என்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

கம்பெனி அப்படி ஒரு காசை எந்த நாணயச்சாலையிலும் அடிக்கவில்லை, மாதிரியாகக்கூட அடிக்கவில்லை. பிற்காலத்தில் யாரோ செய்து சந்தையில் விட்ட வில்லை அது. கம்பெனிக் காசில் சாமி உருவம் பார்க்க வேண்டுமென்றால் சென்னையின் தங்க வராகன்களைப் பாருங்கள். பெருமாளும் இரு தேவியரும் உள்ள மூன்று சுவாமி வராகன் அசல் வரலாறு.

செம்பு எதையும் இழுக்காது. காட்டுகிறவர் கொண்டுவரும் அரிசியில் இரும்புத் துணுக்கைச் செருகி, காசின் அடியில் காந்தம் வைப்பதுதான் தந்திரம். எங்கள் வீட்டு அரிசியை என் கையால் போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், வந்தவர் கிளம்பிவிடுவார்.

எட்டாம் எட்வர்டு பதவி விலகியதால் அவர் காசுகள் வெளியாகவில்லை என்கிறார்கள். இந்திய ரூபாயிலும் அப்படி ஒன்று உண்டா? 1937 என்று போட்ட ஒன்றை விலைக்குக் கேட்கிறார்கள்.
– வாசகர், கோயம்புத்தூர்

வாங்க வேண்டாம்.

எட்டாம் எட்வர்டு 1936 ஜனவரியில் அரசரானார். அதே ஆண்டு டிசம்பர் 11-இல் முடியைத் துறந்தார். லண்டனில் 1937 தேதியிட்ட மாதிரிக் காசுகள் தயாராகிவிட்டிருந்தன. பிரிட்டிஷ் காசுகளில் அடுத்தடுத்த அரசர்கள் எதிரெதிர்த் திசையில் பார்ப்பது மரபு. எட்வர்டோ தனக்குப் பிடித்த இடது பக்கம்தான் தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். டி. ஹெச். பேஜெட் செதுக்கிய அந்த முகம் இடது பார்த்தே இருக்கிறது. மரபுப்படி அவர் வலது பார்த்திருக்க வேண்டும். அந்த மாதிரிகளில் ஒரு தங்க சவரன் 2020-இல் 10 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது.

இவற்றில் எங்களுக்குப் பிடித்தது சவரன் இல்லை, பன்னிரண்டு பக்கம் கொண்ட பித்தளை மூன்று பென்ஸ். அந்த வடிவம் அப்போது புதிது என்பதால், காசு போட்டு இயங்கும் இயந்திரங்களைச் செய்கிறவர்களுக்குச் சில காசுகளை முன்கூட்டியே கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். எல்லாம் திரும்பி வரவில்லை. இன்று விரல்விட்டு எண்ணும்படி மிஞ்சியிருப்பவை அவைதான். சோதனைக் காசு வெளியே வர இதைவிட நேர்மையான வழி இல்லை: நாணயச்சாலையே கொடுத்தது, கொடுத்ததற்கு எழுத்து உண்டு.

இந்திய ரூபாய்க்கு வருவோம். ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய் 1922 தேதியோடு நின்றுவிட்டது. அடுத்த ரூபாய் ஆறாம் ஜார்ஜின் 1938. இடையில் எந்தத் தேதியிட்ட வெள்ளி ரூபாயும் வெளியாகவில்லை. 1936 தேதியிட்ட சிறு காசுகளிலும் ஐந்தாம் ஜார்ஜ்தான் இருக்கிறார். எட்வர்டு முகத்தோடு வரும் ‘ரூபாய்’ எல்லாம் பிற்காலத்தில் தனியார் அடித்த கற்பனைக் காசுகள். பல நாடுகளின் பெயரில் இப்படி அடித்திருக்கிறார்கள்.

அவர் பெயர் உள்ள உண்மையான இந்தியக் காசு வேண்டுமா? கட்ச் சமஸ்தானத்தின் 1936-ஆம் ஆண்டு ‘கோரி’ என்ற காசுகளைத் தேடுங்கள். முகம் இருக்காது, பாரசீக எழுத்தில் பெயர் மட்டும் இருக்கும். ஜோத்பூரின் கால் அணாவிலும் உண்டு. இவை புழக்கத்துக்கு வந்தவை, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் இன்றும் கிடைப்பவை. கற்பனை ரூபாய்க்குக் கொடுக்கும் பணத்தில் இவற்றை வாங்குங்கள்.

சோதனைக் காசை வைத்திருப்பது சட்டப்படி சரியா?
– வாசகர், சென்னை

காசு நாணயச்சாலையைவிட்டு எப்படி வெளியே வந்தது என்பதைப் பொறுத்தது. காசு எவ்வளவு அரியது என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இரண்டு வழக்கு சொல்கிறோம். அமெரிக்காவின் 1877-ஆம் ஆண்டு ஐம்பது டாலர் தங்க மாதிரி இரண்டே இரண்டு. 1909-இல் வில்லியம் வுடின் என்ற சேகரிப்பாளர் அவ்விரண்டையும் 20,000 டாலருக்கு வாங்கினார். அவை அரசின் சொத்து என்று நாணயச்சாலை வாதிட்டது. கடைசியில் அவர் இரண்டையும் திருப்பிக் கொடுக்க, ஈடாகப் பெட்டி பெட்டியாகப் பழைய மாதிரிக் காசுகளை வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு ஐம்பது டாலர் காசுகளும் இன்று ஸ்மித்சோனியனில் இருக்கின்றன. (இதே வுடின் 1933-இல் அமெரிக்க நிதியமைச்சரானார்.) இரண்டாவது, டென்வர் நாணயச்சாலையில் அடித்த 1974 அலுமினிய சென்ட். அங்கே துணைக் கண்காணிப்பாளராக இருந்தவரின் மகன் அதை 2013-இல் ஒரு வியாபாரியிடம் 300 டாலருக்கு விற்றார். அது என்ன காசு என்று பிறகு தெரிந்து பெரிய ஏலத்துக்குத் தயாரானபோது அரசு குறுக்கிட்டது. வழக்கு நடந்து, 2016-இல் காசு அரசிடம் திரும்பியது. வெளியிட ஒப்புதல் இல்லாத காசு, முறையான அனுமதி இல்லாமல் வெளியே வந்தது என்பதே அரசின் வாதம்.

இந்தியாவில் நாணயச்சாலையிலிருந்து காசடிக்கும் கருவியை எடுத்துப் போவதே குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 245-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஆகவே சுதந்திர இந்தியாவின் ‘ட்ரயல்’ என்று ஒன்றை விற்பவரிடம் அது எந்த ஏலத்தில், எந்த ஆண்டு, யாருடைய சேகரிப்பிலிருந்து வந்தது என்ற தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். 100 ஆண்டு தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உள்நாட்டில் வைத்திருக்கலாம், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நிலத்தில் புதையலாகக் கிடைத்ததென்றால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அச்சு விழுந்த ஒரு ரூபாய் காசு கிடைத்திருக்கிறது. சோதனைக் காசா?
– வாசகி, சேலம்

இல்லை. அச்சு இயந்திரத்தில் இரண்டு வில்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் அடிபட்டால் இப்படி ஆகும். அல்லது யாராவது ஒரு பக்கத்தை அராவியிருப்பார்கள். எடை போட்டால் தெரிந்துவிடும். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை 3.09 கிராம். எடை முழுதாக இருந்து, வெற்றுப் பக்கம் லேசாக உப்பலாக, விளிம்பு மழுங்கி இருந்தால் உண்மையான பிழைக் காசு. எடை குறைந்து, வெற்றுப் பக்கத்தில் ஒரே திசையில் இணைகோடுகள் தெரிந்தால் அரம் பட்டது.

உலோகம் அல்லாத பொருளில் காசு அடித்துப் பார்த்ததுண்டா?
– கல்லூரி மாணவர், திருச்சி

கண்ணாடியிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போரில் தோட்டா உறைக்குச் செம்பு தேவைப்பட்டதால், 1942-இல் அமெரிக்க நாணயச்சாலை சென்ட்டுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக், ரப்பர், நார், கண்ணாடி எல்லாவற்றையும் தனியார் ஆலைகளிடம் கொடுத்துச் சோதித்தது. இங்கேயும் உண்மையான சென்ட் உருவம் இல்லை. கொலம்பியா நாட்டின் 2 சென்டாவோ காசில் இருந்த பெண் தலையை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் வேறு எழுத்து பொறித்த அச்சைத்தான் கொடுத்தார்கள். கண்ணாடியைச் சூடாக்கி அந்த அச்சில் அழுத்தினால் எழுத்து மழுங்கி விழுந்தது, அளவு ஒரே சீராக வரவில்லை, விளிம்பு கூர்மையாகி உடையும் தன்மையோடு இருந்தது. தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் அந்தக் கண்ணாடிக் காசு ஒன்று 2017 ஏலத்தில் 70,500 டாலருக்குப் போனது.

கடைசியில் 1943-இல் துத்தநாகம் பூசிய எஃகு சென்ட்தான் வெளியானது. அதுவும் தொல்லைதான். மக்கள் பத்து சென்ட் என்று ஏமாந்தார்கள், வெட்டிய விளிம்பில் துத்தநாகம் இல்லாததால் அங்கே துருப்பிடித்தது. 1944-இல் மறுபடி செம்புக்கே போனார்கள்.

பழைய மாதிரிக் காசில் பச்சைக் களிம்பு இருக்கிறது. புளி போட்டுத் துலக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

கூடாது. புளியின் அமிலம் களிம்போடு காசின் தோலையும் தின்றுவிடும். சோதனைக் காசின் மதிப்பே அந்தத் தோலில்தான். தூய அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, துடைக்காமல், நிழலில் காயவிடுங்கள். எண்ணெயும், பழைய பிவிசி உறையால் வந்த பிசுக்கும் போய்விடும். அடுப்பு எரியும் இடத்தில் அசிட்டோனைத் திறக்காதீர்கள். அதற்கும் போகாத களிம்பை அப்படியே விட்டு, பிவிசி கலக்காத உறையில் வையுங்கள்.

என்னிடம் உள்ள பழைய காசை 15 லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகத் தொலைபேசியில் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணமாக முதலில் 4,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.
– வாசகர், விழுப்புரம்

கட்டாதீர்கள். பழைய காசு, நோட்டு வாங்கவோ விற்கவோ தாங்கள் யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது. உண்மையான சேகரிப்பாளர் முதலில் கேட்பது காசின் எடையையும் இரு பக்கப் படத்தையும்தான். விற்பவரிடம் முன்பணம் கேட்க மாட்டார். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.